நாற்பத்தொரு காசும் இல்லாத ஒன்பதும்

அன்பு மகள் கடுகுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாகவே இருக்கிறோம், அவளுடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, வேறு குறையொன்றும் இல்லை. அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது, போன மாதம் பிடித்த இருமல் விட்டதா, புது அறையின் ஜன்னல் ஒழுங்காகச் சாத்துகிறதா என்பதையெல்லாம் தனித்தனியாக எழுது, எல்லாம் ஓகேப்பா என்று மொத்தமாக எழுதாதே. வீட்டில் குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. குழாய்க்காரர் முதலில் பார்த்துவிட்டு முழுவதும் மாற்ற வேண்டும் என்றார், நான் உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றச் சொன்னேன், மாற்றினார், நின்றது, போகும்போது சார் மாதிரி நாலு வீடு இருந்தா நான் கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாராம். கீழ்வீட்டுக்காரர் புதிதாக ஒரு சைக்கிள் வாங்கி மாடிப்படிக்குக் கீழே நிறுத்துகிறார், அங்கே எதையும் நிறுத்தக்கூடாது என்று குடியிருப்போர் விதி பதினான்கு சொல்கிறது என்று எடுத்துச் சொன்னேன், விதி பதினஞ்சு என்ன சார் சொல்லுது என்று கேட்டார், பதினைந்து என்று ஒன்று கிடையாது, அது அவருக்கும் தெரியும். அலுவலகத்தில் இது வருடாந்திர முத்திரைக் காலம், கடைக்காரர்கள் தினம் நாற்பது தராசுகளைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள், மேசை, நாற்காலி, தரை எங்கும் தராசாகவே இருப்பதால் டீயை ஜன்னல் விளிம்பில் வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்பதற்காக நீ எழுதியதைத் திருப்பிச் சொல்கிறேன், பிழையிருந்தால் திருத்து. உன் அறைத்தோழியின் அண்ணன் பழங்காசு வாங்கி விற்பவர், நீயும் அவரை அண்ணா என்கிறாய், ரத்த உறவில்லாத அண்ணன்மார்களைப் பற்றிய என் கருத்து உனக்குத் தெரியும் என்பதால் அதை இங்கே மறுபடி எழுதவில்லை. நம் ஊரில் தையற்கார அம்மாள் ஒருவர் நாற்பத்தொரு வெள்ளிக் காசுகளை மொத்தமாக விற்பதாக அவர் இணையத்தில் பார்த்து உனக்குச் சொன்னார். ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் பெண் தலை, கோடிக்கணக்கில் அச்சான காசு, தேடினால் தெருவுக்கு ஒருவரிடம் இருக்கும். ஆனால் இந்த நாற்பத்தொன்றும் முப்பது வருடத்துக்கு முன் தர மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று பரிசோதித்து, எழுபதுக்கு இத்தனை என்று சீட்டில் எண் போட்டு, திறக்க முடியாதபடி ஒட்டிய பழைய பிளாஸ்டிக் உறைகளில் இருக்கின்றன. அந்தக் காலத்தில் தரம் போடுவதில் கறாராக இருந்தார்கள், உறையை உடைத்து இன்று மறுபடி அனுப்பினால் அறுபத்துநான்கு என்பது அறுபத்தைந்து ஆகும், பத்துப் பன்னிரண்டு காசாவது அப்படி ஏறும், ஏறிய காசை விற்றால் லாபம் என்பது அண்ணனின் வாக்கு. இதில் நீ போடப்போகும் பணம் உன் பல் மருத்துவ உரிமத் தேர்வின் கட்டணத்துக்கென்று இரண்டு வருடமாக வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நீ சேர்த்தது. கட்டணத்துக்குக் கடைசி நாள் இம்மாதம் இருபத்தெட்டு, அதைத் தவறவிட்டால் அடுத்த தேர்வுக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், பல் பிடுங்கப் படித்த நீ இன்னொரு வருடம் யாரோ பிடுங்கப்போகும் பல்லுக்கு நேரம் குறித்துக் கொடுத்துக்கொண்டிருப்பாய். நீங்க போய் ஒரு தடவை பாருங்கப்பா, நீங்க சரின்னு சொன்னா வாங்கறேன் என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வருடத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் காசைப் பார்க்கப் போனேன்.

போவதற்கு முன்பே எனக்குச் சந்தேகம். என் தொழில் உனக்குத் தெரியும், இருபத்தாறு வருடமாகத் தராசுகளுக்கு ஈய முத்திரை குத்துகிறேன். முத்திரை குத்திய அன்று அந்தத் தராசு சரியாக இருந்தது என்பதற்கு மேல் அந்த ஈயத்துண்டுக்கு ஒரு பொருளும் இல்லை. முத்திரையைத் துளிகூடச் சேதப்படுத்தாமல் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒட்டி மூடிய ஒன்றைக் காட்டி இது நம்பகமானது என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே முகம் மாறிவிடும், உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, ஆரம்பிச்சாச்சு, இனிமே வீட்டுல உப்புப் பொட்டலத்தையும் பிரிச்சுப் பார்ப்பார் என்றாள். புதன்கிழமை அலுவலகம் விட்டதும் கடைத்தெருவில் உள்ள பழங்காசுக் கடைக்குப் போய், இதே கப்பல் காசு புது உறையில் அறுபத்துநான்கு ஒன்றும் அறுபத்தைந்து ஒன்றும் காட்டச் சொன்னேன். கடைக்காரர் வாங்கத்தானே என்று கேட்டார், கற்றுக்கொள்ள என்றேன், அப்ப உட்காருங்க, வாங்கறவங்களுக்குத்தான் இங்க நிக்க இடமில்லை என்றார். நல்ல மனிதர், ஒரு மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டார். பெண்ணின் கன்னத்தில் எத்தனை உராய்வு, கப்பலின் பாய்மரத்தில் ஒளி உடையாமல் ஓடுகிறதா, இவைதான் ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் உள்ள எல்லை. இன்னொன்றையும் சொல்லிக் கொடுத்தார், பழைய உறைகளின் மேலே கீறல் விழுந்திருக்கும், அதைக் காசின் கீறல் என்று எண்ணி ஏமாறுவார்கள், காசின் கீறலை உறையின் கீறல் என்று எண்ணியும் ஏமாறுவார்கள், விளக்குக்குக் கீழே சாய்த்துக் கீறலின் நிழல் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும், நகர்ந்தால் அது பிளாஸ்டிக்கில், நகராவிட்டால் அது காசில். பழைய உறைக்கென்று தனியாகக் கூடுதல் விலை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டேன், இருக்காங்க சார், கல்யாணப் பொண்ணைப் பார்க்கப் போயிட்டு வீட்டுக் கதவைப் பார்த்துட்டு வர்றவங்களும் இருக்காங்களே என்றார்.

நேற்று சனிக்கிழமை மதியம் அந்த அம்மாளின் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி, முன்னறை முழுவதும் துணி வெட்டும் நீள மேசை, மேசையில் தையற்சுண்ணக் கோடுகள், மேலே இழுத்து இறக்கக்கூடிய பிரகாசமான விளக்கு, காசு பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் அமையாது. அறுபது வயதிருக்கும், கழுத்தில் அளவு நாடா, வாயில் இரண்டு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசினார். காசுகள் அவருடைய அண்ணன் வைத்திருந்தவை, அண்ணன் மருந்துக்கடை நடத்தியவர், போன வருடம் காலமாகிவிட்டார், திருமணம் செய்துகொள்ளாதவர். நான் சந்தேகத்தோடு போனால் அந்த அம்மாள் எனக்கு மேல் இருந்தார். என் அடையாள அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார், பையை வாசலிலேயே வைக்கச் சொன்னார், பிறகு சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடிச்சு விட்டுக்கங்க சார், தப்பா நினைக்காதீங்க, போன வாரம் வந்தவருக்கும் இதே சட்டம்தான் என்றார். தப்பாக நினைக்கவில்லை, உண்மையில் எனக்கு மரியாதைதான் ஏற்பட்டது. பையிலிருந்து தராசை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். வாயால அளக்கறவங்களைத்தான் இதுவரைக்கும் பார்த்திருக்கேன், தராசோட வந்து அளக்கறவரை இப்பதான் பார்க்கறேன், ஆனா மூடின டப்பாவுக்குள்ள இருக்கிற காசை எப்படி நிறுப்பீங்க என்று கேட்டார். உறையோடு சேர்த்து நிறுப்பேன், ஒரே காலத்து உறை, ஒரே வகைக் காசு, எடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும், எந்த உறையையாவது பிளந்து வேறு காசைப் போட்டுப் பசையால் ஒட்டியிருந்தால் அது தனித்துத் தெரியும் என்றேன். குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிறுங்க என்றார்.

நாற்பத்தொன்றையும் நிறுத்தேன், ஒன்றும் தனித்து நிற்கவில்லை, விளிம்புகளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன், எந்த உறையிலும் பிளந்த அடையாளம் இல்லை, ஆக என் முதல் சந்தேகம் பொய்யாயிற்று, காசுகள் அசல், உறைகள் அசல். அடுத்து ஒவ்வொன்றையும் விளக்குக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், இரண்டு மணி நேரம் ஆயிற்று, அந்த அம்மாள் அதற்குள் ஒரு சட்டைக்குக் காலர் தைத்து முடித்துவிட்டார். உன் அண்ணன் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை, பழைய தரம் கொஞ்சம் கறார்தான், ஆனால் இன்று ஒரு படி ஏறக்கூடும் என்று நான் கருதுபவை பத்து அல்ல, பன்னிரண்டு அல்ல, மூன்று. மீதி முப்பத்தெட்டில் முப்பது தங்கள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவேதான், எட்டு அதற்கும் ஒரு பிடி கீழே. அப்போதுதான் எனக்கு மூக்கில் வியர்த்தது. பழைய உறையில் உள்ள காசு முப்பது வருடம் உடைக்கப்படாமல் இருக்கிறது என்றால் அதைக் கையில் வாங்கிப் பார்த்த ஒவ்வொருவரும் இது ஏறாது என்று முடிவு செய்து அடுத்தவரிடம் தள்ளிவிட்டார்கள் என்று பொருள். ஏறக்கூடியவை எப்போதோ உடைபட்டுப் புது உறைக்குப் போயிருக்கும். இந்த வாதம் ஒரே ஒரு இடத்தில்தான் செல்லாது, அதாவது காசுகள் கைமாறாமல் ஒரே ஆளின் பெட்டியில் இருந்திருந்தால் செல்லாது. இந்த அம்மாள் சொல்வது அதைத்தான், அண்ணன் வாங்கி மதிப்பீட்டுக்கு அனுப்பினார், திரும்பி வந்தது, பெட்டியில் இருந்தது. சரி, அதையும் சோதித்துவிடலாம் என்று சீட்டுகளில் உள்ள வரிசை எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஏறுமுகமாக அடுக்கினேன். எல்லாம் ஒரே நாளில் ஒரே கட்டாக அனுப்பியவை, முதல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் பன்னிரண்டு, முடிவு எண்ணில் அறுபத்தொன்று. ஐம்பது காசு இருந்திருக்க வேண்டும். இருப்பது நாற்பத்தொன்று. நடுநடுவே ஒன்பது எண் இல்லை. அதோடு இருப்பவற்றில் ஒன்றுகூட அறுபத்துநான்கைத் தாண்டவில்லை, ஐம்பது நல்ல காசில் ஒன்றுகூட அறுபத்தைந்து வாங்காது என்பது நடக்காத காரியம்.

இந்த இடத்தில் நான் நடந்துகொண்ட விதம் சரியில்லை, அதையும் உனக்கு மறைக்காமல் எழுதுகிறேன். நேரே நிமிர்ந்து, அலுவலகத்தில் கடைக்காரரிடம் பேசுகிற அதே குரலில், ஒன்பது காசு குறைகிறது, பொறுக்கி எடுத்துவிட்டு மிச்சத்தை விற்பதாகத் தெரிகிறது, இதற்கு விளக்கம் தேவை என்றேன். சொல்லும்போதே என் மனத்தில் உன் அண்ணன்தான் இருந்தார், முன்கூட்டியே வந்து நல்ல ஒன்பதை எடுத்துக்கொண்டு கழித்ததை உன் தலையில் கட்டுகிறார் என்று முடிவே செய்துவிட்டேன், பழங்காசு விற்கும் அந்தப் பையன் வாங்கினாரா என்றும் கேட்டேன். அந்த அம்மாள் தையல் இயந்திரத்தின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். சார், இது என் வீடு, உங்க ஆபீஸ் இல்லை, விளக்கம் எல்லாம் அங்க கேளுங்க என்றார். அந்தத் தம்பி ஒரே ஒரு தடவை போன் பண்ணினார், காசு மேல வெயில் பட்டுச்சா, ஈரம் பட்டுச்சான்னு கேட்டார், என் அண்ணன் போனதுக்கு வருத்தம் சொன்னார், நீங்க ரெண்டு மணி நேரமா உட்கார்ந்திருக்கீங்க, அதைக்கூடச் சொல்லலை என்றார். எனக்கு அசடு வழிந்தது. பிறகு உள்ளே போய் ஒரு மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தார். ஒன்பது கப்பல் காசுகள், உறையில்லாமல், கறுத்து, பெண்ணின் மூக்கு மழுங்கி. கூடவே ஒரு காகித உறையில் மதிப்பீட்டு நிறுவனத்தின் ஒன்பது சீட்டுகள், நான் தேடிய அதே ஒன்பது எண்கள். ஏழு அறுபத்தைந்து, இரண்டு அறுபத்தாறு. மருந்துக்கடைக்காரர் தனக்கு மிகவும் பிடித்த காசுகளை மட்டும் சுத்தியலால் உறையை உடைத்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வாராம், மாத்திரை எண்ணும்போது ஒரு கை பையிலேயே இருக்குமாம், ஒன்று மழுங்கிப்போனால் அடுத்ததை உடைப்பாராம். இவ்வளவு பணம் கட்டி அனுப்பி வாங்கின டப்பாவை ஏண்ணே உடைக்கறே என்று இந்த அம்மாள் கேட்டதற்கு, கண்ணாடிக்கு வெளிய நின்னு பார்க்கறதுக்கு இது என்ன மீன் தொட்டியா, காசுன்னா கையில இருக்கணும் போ என்பாராம். அந்த ஒன்பதையும் நிறுத்துக் காட்டச் சொன்னார், நிறுத்தேன், ஒவ்வொன்றும் தன் எடையில் கொஞ்சம் இழந்திருந்தது, மிகவும் மழுங்கியது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவா தேய்ச்சுட்டார் என்று கேட்டுவிட்டு அந்த ஒன்றை மட்டும் தனியாக எடுத்துத் தன் ஊசிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். எழுந்து நின்று கேட்டேன். பரவாயில்லை, உட்காருங்க, உங்க பொண்ணு பணம், நீங்க அப்படித்தான் பேசுவீங்க, ஆனா அடுத்த வீட்டுல போய்ப் பேசறப்ப குரலைப் பையோட வாசல்லயே வெச்சுட்டு வாங்க என்றார்.

ஆகவே என் முடிவு இது, காரணங்களோடு எழுதுகிறேன், நீ உன் அண்ணனிடமும் காட்டலாம். அவர் மோசக்காரர் அல்லர், ஆசைக்காரர், அவரைப் பற்றி நான் நினைத்ததைத் திரும்பப் பெறுகிறேன், அவருடைய கணக்கை மட்டும் திரும்பப் பெறவில்லை, அது அவரிடமே இருக்கட்டும். யாருடைய குற்றமும் இல்லாமலேயே அந்த ஐம்பதில் மேலானவை போய்விட்டன, மீந்திருப்பது மருந்துக்கடைக்காரருக்குப் பிடிக்காமல்போன நாற்பத்தொன்று. முப்பது வருடம் அவற்றோடு வாழ்ந்த மனிதர் கைபோட்டு எடுக்காத காசில் நீயும் நானும் ரகசியம் கண்டுபிடிக்கப்போவதில்லை. இந்தக் காசின் அறுபத்துநான்குக்கும் அறுபத்தைந்துக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கடைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன், ஒரு காசை மறுமதிப்பீடு செய்யும் கட்டணத்தில் அது முக்கால் பங்குதான், தபால் செலவு இதில் சேரவில்லை. அரிய காசாக இருந்தால் ஒரு படி ஏறினாலே பெரிய வித்தியாசம், சாதாரணக் காசில் ஏறினாலும் நஷ்டம், ஏறாவிட்டால் இன்னும் நஷ்டம். இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. பழைய உறை என்பதற்காக அந்த அம்மாள் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கேட்கிறார், யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், உன் அண்ணனும் அது நியாயம் என்கிறார். ஆனால் லாபம் பார்க்க வேண்டுமானால் முதலில் அந்த உறையைத்தானே உடைக்க வேண்டும்? கூடுதலாகக் கொடுத்து வாங்கியதை முதல் வேலையாகச் சுத்தியலால் அடித்துப் போடுவதற்குப் பெயர் வியாபாரமா என்று அவரிடம் கேள். கப்பல் பிடித்திருக்கிறது, மேசையில் வைத்துப் பார்க்க ஆசை என்றால் ஒன்று வாங்கு, இரண்டு வாங்கு, புது உறையில் உள்ள அதே தரக் காசுக்கு என்ன விலையோ அதற்கு மேல் ஒரு சல்லி கொடுக்காதே, காசை முதலில் பார், சீட்டைப் பிறகு பார், உறையைப் பார்க்காமலே இருந்தாலும் தவறில்லை. இதையெல்லாம் அந்த அம்மாளிடமும் சொல்லிவிட்டேன், வாங்க வந்துட்டு விலையைக் குறைச்சுட்டுப் போறீங்களே என்றார், ஆனால் கோபிக்கவில்லை, நல்ல மூன்றைத் தனியாக விற்கச் சொல்லி எண்களைக் குறித்துக் கொடுத்தேன், கடைக்காரரின் முகவரியையும் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு காசுகளின் பட்டியல் எழுதிக் கொடுக்க மறுபடி போகிறேன், உன் அம்மாவும் வருகிறாளாம், உங்களை எழுந்து நிக்க வெச்ச ஆளை நான் பார்க்கணும் என்கிறாள்.

இத்தோடு கடிதத்தை முடித்திருப்பேன். நேற்று மாலை இதையெல்லாம் உன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் துணி மடித்துக்கொண்டே, பரீட்சைன்னா அவ இப்படித்தான், ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்குவா, பள்ளிக்கூடத்துல பெரிய பரீட்சைக்கு முந்தின வாரம் தையல் மெஷினைத் திருகு திருகாக் கழட்டி வெச்சாளே, மறந்துடுச்சா என்றாள். அவள் சும்மா சொன்னாள். நான் உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன், இந்த முறை காசைப் பற்றி எழுதிய வரிகளை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் கட்டணத்துக்குக் கடைசி நாள் இருபத்தெட்டு என்று எழுதியிருக்கிறாய். அதே பக்கத்தில் ஏழு வரி தள்ளி, மறுமதிப்பீட்டுக்கு அனுப்பினால் காசு திரும்பி வர நான்கு மாதம் ஆகும் என்றும் எழுதியிருக்கிறாய், லாபத்தில் தேர்வுக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்றும் எழுதியிருக்கிறாய். கூட்டல் கழித்தலில் நீ தவறுகிறவள் அல்ல, ஆறு வயதில் என் கூட்டலைத் திருத்தியவள். நான்கு மாதம் கழித்து வரும் பணத்தால் பதினேழு நாளில் கட்ட வேண்டியதைக் கட்ட முடியாது என்பது உனக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. நான் எல்லாரையும் சந்தேகப்பட்டேன், உறையை, சீட்டை, தையற்கார அம்மாளை, முன்பின் பார்த்திராத ஒரு தம்பியை. சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தை விட்டுவிட்டேன். கண்ணு, காசு வாங்குவது உன் நோக்கமா, இல்லை இருபத்தெட்டாம் தேதி கையில் பணம் இல்லாமல் இருப்பது உன் நோக்கமா? நான் வேண்டாம் என்றால் என்ன செய்வாய் என்று தெரியவில்லை, சரி என்று சொல்லியிருந்தால் அப்பா சொல்லித்தான் வாங்கினேன், அதனால்தான் எழுத முடியவில்லை என்று உனக்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும் என்று மட்டும் தெரிகிறது.

இதைக் குற்றமாக எழுதவில்லை. ஏன் அப்படி என்று யோசித்தேன், யோசித்ததில் என் பெயர்தான் வந்தது. போன வருடம் இதே தேர்வில் நீ ஆறு மதிப்பெண்ணில் தவறினாய். மதிப்பெண் பட்டியலின் நகலை அனுப்பு என்றேன், அனுப்பினாய். நான் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எங்கே எத்தனை போயிற்று என்று சிவப்பு மையில் குறித்து, மொத்தத்தில் ஒரு மதிப்பெண் கூட்டல் பிழை இருக்கிறது, மறுகூட்டலுக்கு விண்ணப்பி என்று இரண்டு பக்கம் எழுதினேன். கூட்டல் பிழை இருந்தது உண்மை, அதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு மதிப்பெண் கிடைத்தாலும் ஐந்து குறையும் என்பதை நான் எண்ணவில்லை. நீ அதற்குப் பதில் எழுதவில்லை, மூன்று வாரம் கழித்துத் தொலைபேசியில் அங்கே மழை பெய்வதாகச் சொன்னாய், நானும் இங்கே பெய்யவில்லை என்றேன். அந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை, ஒரு வருடம் தாமதமாக இப்போது எழுதுகிறேன். நீ தோற்றதைக் கேட்டபோது எனக்கு உன் மேல் வருத்தம் வரவில்லை, அந்நேரம் பக்கத்தில் நான் இல்லையே என்றுதான் இருந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியாததால் கூட்டிப் பார்த்தேன்.

ஆகையால் காசு வேண்டாம் என்று மட்டும்தான் நான் சொல்கிறேன், தேர்வைப் பற்றி நீயே முடிவு செய். எழுதப் பயமாக இருந்தால் இந்த வருடம் எழுதாதே, பணம் வங்கியிலேயே இருக்கட்டும், வரவேற்பு மேசையில் இன்னொரு வருடம் உட்கார்வது அவமானம் அல்ல, ஆனால் அதை நாற்பத்தொரு காசுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு செய்யாதே, அப்பாவுக்குப் பயந்து செய்கிற காரியமாக அது ஆக வேண்டாம். எழுதுவதாக இருந்தால் எழுது, மறுபடியும் ஆறில் போனாலும் போகட்டும், சிவப்பு மை வைத்திருந்த பேனாவை அலுவலகத்திலேயே விட்டுவிட்டேன். இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன், ஆறு நாளில் கிடைத்துவிடும், தொலைபேசியில் சொல்லலாமே என்று உன் அம்மா கேட்டாள், தொலைபேசியில் எனக்கு இவ்வளவு வராது.

இருமல் நிற்கும்வரை வெந்நீர் குடி. நேரத்துக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. எண்ணிய காரியம் கைகூடி, எந்த ஊரில் இருந்தாலும் நிம்மதியாக உறங்கும் வாழ்க்கை உனக்கு அமையட்டும் என்று நாங்கள் இருவரும் வேண்டிக்கொள்கிறோம். இருபத்தெட்டாம் தேதியை மறக்காதே. அன்று கட்டணத்தைக் கட்டினால் கட்டினேன் என்று ஒரு வரி எழுது, கட்டாவிட்டால் கட்டவில்லை என்று ஒரு வரி எழுது, இரண்டில் எதற்கும் காரணம் கேட்க மாட்டேன். ரசீதின் நகல் அனுப்ப வேண்டாம்.

உன் மேல் என்றும் மாறாத அன்புள்ள,
அப்பா